தொப்பிக்கு அடியில் குந்துமணி

சங்கீதாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். நீ நலமாக இருக்கிறாய் என்பது நேற்று வந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதனால் கேட்கவில்லை. நல்ல கனமான அட்டை, பொன் எழுத்து. உங்கம்மா அதற்கு மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அழுக்குக் கையோடு தொடாதே என்று எனக்கு உத்தரவு போட்டாள். தொடாமலே படித்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஊர் படவேடு என்று போட்டிருக்கிறது. ஐம்பத்தேழு வருஷமாக ஜவ்வாது மலையில் கிடக்கிறவன், படவேட்டுக்காரன் ஆனதை அச்சில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மண்டபம் படவேட்டில், சரி. அப்பனையும் எதற்கு மலையை விட்டு இறக்கினாய்? மாப்பிள்ளை வீட்டில் சொல்லச் சுலபமாக இருக்கும் என்று போட்டிருப்பாள், இதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்காதே என்றாள் உங்கம்மா. இதற்கு நான் தூக்கவில்லை. பத்திரிகைக் கட்டோடு நீ வைத்திருந்த துண்டுச் சீட்டில், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். கொட்டகை ஆட்கள் வேண்டாம்பா, முக்கியமாகக் காசியம்மா அத்தை வேண்டாம், என் கம்பெனி ஆட்கள் எல்லாம் வருவார்கள் என்று. அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய், நானும் சரிம்மா என்று வைத்துவிடுவேன். நாலு மாதமாக நாம் இருவரும் அப்படித்தான் தப்பித்துக்கொண்டு வருகிறோம். எழுத உட்கார்ந்தால் இடையில் வைத்துவிட முடியாது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

ஆடி மாதம் நீ அந்தப் பொம்மையைக் கொண்டுவந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்த இந்தத் தையல்காரனின் கொட்டகைக்கு, சென்னையில் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் அறுநூறு பொம்மைக்கு ஆர்டர் பிடித்து வருகிறாள். கம்பெனியே தையல் மிஷின்களும் இறக்கிக் கொடுக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு என்று ஒரு இடம் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேனேஜரிடம், எங்கப்பா கை சுத்தமான கை என்று சொல்லித்தான் ஆர்டரை வாங்கினேன் என்று நீ சொன்னாய். அந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நீ பையிலிருந்து சாம்பிளை எடுத்து வெட்டு மேஜைமேல் வைத்தாய். ஒரு சாண் உயரம். சிவப்புக் கம்பளித் தொப்பி, கூம்பாக, நுனி வளைந்து. தொப்பிக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு மூக்கு. மூக்குக்குக் கீழே வயிறு வரைக்கும் வெள்ளைத் தாடி. கண் இல்லை, வாய் இல்லை, கால் இல்லை. அடியில் கனத்துக்கு மணல் பை. இது பாதிதான் வந்திருக்கிறது, மீதி எப்போது வரும் என்று நான் கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கொட்டகைப் பெண்கள் பதினோரு பேரும் மிஷினை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். நீ மேஜைமேல் ஏறி உட்கார்ந்து கதை சொன்னாய். டென்மார்க், நார்வே பக்கம் இவனுக்கு நிஸ்ஸே என்று பெயர். பண்ணை வீட்டின் காவல்காரன். மாட்டுக்கொட்டகையில் இருப்பான், யார் கண்ணிலும் படமாட்டான், மாட்டுக்கும் குதிரைக்கும் அவன்தான் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவனுக்கு அரிசிக் கஞ்சி வைத்து, மேலே வெண்ணெய் போட வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண் விளையாட்டுக்கு வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள். இவன் வந்து பார்க்கிறான், வெண்ணெயைக் காணோம். வந்த கோபத்தில் கொட்டகைக்குப் போய் நல்ல பசுவாகப் பார்த்துக் கொன்றுபோட்டான். திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தால் அடியில் வெண்ணெய். வெட்கமாகப் போய்விட்டது. உடனே பக்கத்துப் பண்ணையிலிருந்து அதே மாதிரி ஒரு பசுவை ஓட்டிவந்து கட்டிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். காசியம்மா மட்டும், "அந்தப் பக்கத்து வூட்டுக்காரன் மாடு போச்சே, அதுக்கு யாரு பதில்?" என்று கேட்டாள். "அத்தே, இது கதை அத்தே" என்றாய்.

நீ கதை சொல்லாமல் போயிருந்தால் அது வெறும் பொம்மை. நாங்களும் தைத்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். வீட்டையும் மாட்டையும் காக்கிறவன் என்று நீ சொல்லிவிட்டுப் பஸ் ஏறிய பிறகு, பெண்களுக்குக் கை ஓடவில்லை. காவல்காரனுக்குக் கண் வேண்டாமா? நம் பக்கம் எந்த உருவமானாலும் கண் திறந்தால்தானே முடிந்த மாதிரி. திறக்காததை யாரும் வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். இங்கே என்னடா என்றால் பலகைமேல் வரிசையாக இருநூறு மூக்கு உட்கார்ந்திருக்கிறது. ரெண்டு பேர் காய்ச்சல் என்று சொல்லி வராமல் நின்றுவிட்டார்கள். காய்ச்சலாவது மண்ணாவது, பயம். நான் உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கும். சாம்பிள் எப்படியோ அப்படியேதான்பா, ஒரு நூல்கூட மாறக் கூடாது என்று ரெண்டு தடவை சொன்னாய். சரி என்றேன். நீ தெளிவாகச் சொல்லவில்லை என்று ஒரு நாளும் நான் சொல்லமாட்டேன்.

காசியம்மாதான் வழி சொன்னாள். தொப்பியைக் கொஞ்சம் தூக்கி, யாருக்கும் தெரியாத இடத்தில் கறுப்பு நூலில் ரெண்டு தையல் போட்டுவிடலாம், பார்க்கிறவனுக்குத் தெரியாது, நம் மனசுக்கு ஆச்சு என்றாள். அதோடு விட்டிருந்தால் ஒரு பாவமும் இல்லை. ஆனால் அது பிள்ளையார் சதுர்த்தி வாரம். சந்தையில் களிமண் பிள்ளையார்களை அடுக்கி வைத்திருந்தார்கள், குந்துமணிக் கண்ணோடு. சிவப்பில் கறுப்புப் பொட்டு, நம்மையே பார்க்கிற மாதிரி. எனக்குத் தையல்காரப் புத்தி. செய்வதை எடுப்பாகச் செய்ய வேண்டும். மகள் கொண்டுவந்த ஆர்டர், கறுப்பு நூலில் ரெண்டு கோடு போட்டு அனுப்புவதா? குந்துமணி ஒட்டலாம் என்றேன். காசியம்மா மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அது வெசம்ண்ணா. மாடே தாங்காது. புள்ளைங்க இருக்கிற வூட்டுக்குப் போற பொருளு." நான் சிரித்தேன். முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும், பிள்ளைகள் என்ன கல்லைக் கடிக்கிற மாதிரி கடித்தா தின்னப்போகிறார்கள் என்று எகத்தாளம் பேசினேன். அவள் திரும்ப மிஷினை ஓட்டத் தொடங்கினாள். ஆனால் ஒரு மணியைக்கூடக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தொடவும் இல்லை. அவளும் தொடவில்லை, மற்ற பத்துப் பேரும் தொடவில்லை. கொட்டகைக்குப் பின்னால் வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து நானே பறித்தேன். பெண்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு தினமும் சாயங்காலம் உட்கார்ந்து நானே ஒட்டினேன். டேப் வைத்து அளந்து, மூக்கிலிருந்து அரை விரல் மேலே, கறுப்புப் பொட்டு ரெண்டும் உள்பக்கம் பார்த்த மாதிரி. அறுநூறு பொம்மைக்கும் அளவு பிசகவில்லை. அளவில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது பார்.

சரிபார்க்க உங்கள் கம்பெனிக்கு அனுப்பிய இருபது பொம்மையில் ஒன்றின் தொப்பியை உங்கள் செக்கிங் பெண் தூக்கிப் பார்க்க, ஒரு மணி கழன்று மேஜையில் உருண்டதாம். அவள் ஏதோ கிராமத்துப் பெண்ணாம், பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். மறுநாள் காலையில் நீ கார் எடுத்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போதே உன் முகம் வெளுத்திருந்தது. பலகையில் இருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொப்பி தூக்கிப் பார்த்தாய். எல்லாவற்றிலும் கண். ஒரு குழந்தை வாயில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாய், குரல் உடைந்து. நீ கேட்டது நியாயம். உன் கோபத்தில் ஒரு பொட்டுக்கூட நான் தப்புச் சொல்லவில்லை. அதுவரைக்கும் அது பொம்மைக் கண்ணாகத்தான் இருந்தது, உன் வாயிலிருந்து வந்த பிறகுதான் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பிள்ளையின் வாய் எனக்குத் தெரிந்தது.

"யாரு செஞ்சது இது?" என்று கேட்டாய். நான் தரையைப் பார்த்தேன். கத்தரித்த துணி கிடந்தது, அதைப் பார்த்தேன். நான் என்று ஒரு எழுத்து, ரெண்டு எழுத்து, அதுதானே? வரவில்லை. என் மகள் என்னைப் பற்றி மேனேஜரிடம் சொன்ன வார்த்தை குறுக்கே வந்து நின்றுகொண்டது. கடைசியில் காசியம்மா எழுந்து, "நான்தான் பாப்பா. கண்ணு வைக்கலாம்னு நான்தான் சொன்னேன்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. கண் வைக்கலாம் என்று சொன்னது அவள்தான். நீ அவளைப் பார்த்து, "இதான் காட்டுப் புத்தின்றது. படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் மாறாது" என்றாய். உனக்கு அம்மை போட்டு நீ கிடந்தபோது உங்கம்மாவும் கூடவே படுத்துவிட, பதினைந்து நாள் வேப்பிலையும் கூழுமாக உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து. நீ எந்தக் காட்டில் பிறந்தாய் அம்மா? பத்திரிகையில் போட்ட ஊரிலா?

இப்போது நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. உனக்கு அப்போதே தெரியும். காசியம்மா அப்படிச் சொல்வதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஒரு பொம்மையைக் கையில் எடுத்து, ரெண்டு கண்ணுக்கும் நடுவே உன் விரலை வைத்துப் பார்த்தாய். அடுத்த பொம்மையை எடுத்தாய், அதிலும் வைத்துப் பார்த்தாய். பிறகு என் கையைப் பார்த்தாய். பசை காய்ந்து விரல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. எட்டு வயசிலிருந்து என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தவள் நீ. என் அளவு உனக்குத் தெரியாதா? கையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யார் செய்தது என்று மற்றவர்களைக் கேட்டாய். என்னைக் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றினாய். உன்னையும் காப்பாற்றிக்கொண்டாய். அப்பா செய்தார் என்றால் அப்பாவுக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்த மகளை விடுவார்களா? அது எனக்கும் புரிந்தது, நானும் பேசாமல் இருந்துகொண்டேன். நாம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமலே ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது.

உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது நம் ஆடு மேய்ந்து ஒருத்தர் சாமைக் காட்டில் பாதியை அழித்தது. அவர் வாசலில் வந்து நின்று கத்துகிறார். நம் ஆடே இல்லை, நம் ஆடு காலையிலிருந்து கட்டித்தான் கிடக்கிறது என்று நான் சாதிக்கிறேன். நீ உள்ளேயிருந்து ஓடிவந்து, "இல்லப்பா, நம்ம ஆடுதான், நான்தான் அவுத்து வுட்டேன்" என்றாய். அவர் போனதும் உன்னை அறைந்தேன். என் ஜென்மத்தில் உன்னை அடித்தது அந்த ஒரு தடவை. தப்பை முதலில் ஒத்துக்கொள்கிறவன் தலையில்தான் எல்லாம் விடியும், வாயை மூடிக்கொண்டிருக்கக் கற்றுக்கொள் என்று சொன்னேன். கற்றுக்கொண்டாய். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததில் எது நிற்கிறதோ தெரியாது, இது மட்டும் நன்றாக நின்றிருக்கிறது.

அதற்குப் பிறகு பொம்மைகளை எல்லாம் பிரித்து, கண்ணை எடுத்து, துணி மாற்றித் திரும்பத் தைத்ததை நீ அறிவாய். நாலு நாள், பதினோரு பேர், கையுறை போட்டுக்கொண்டு. ஆர்டர் பிழைத்தது. ஒரு மணியும் கடல் தாண்டவில்லை, அந்த ஒரு விஷயத்துக்காக இன்றைக்கும் கும்பிடுகிறேன். இந்த மார்கழியில் அந்த அறுநூறு பேரும் யார் யார் வீட்டு ஜன்னலிலோ உட்கார்ந்திருப்பார்கள். அது முடிந்தது. முடியாதது நீ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ரிப்போர்ட். கொட்டகைக்கு வந்த நகலை மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். காசியம்மாள் என்ற பயிற்சியில்லாத மலைவாழ் தொழிலாளி, எச்சரிக்கையை மீறி, தன்னிச்சையாக நச்சு விதைகளை ஒட்டினார் என்று இருக்கிறது. எச்சரித்தது யார், மீறியது யார்? ரெண்டு வாரத்தில் கம்பெனி ஆட்கள் வந்து அவள் மிஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் இப்போது கூலிக்குப் புளி தட்டப் போகிறாள். வழியில் பார்க்கிற பெண்கள், பிள்ளைகளுக்கு விஷம் வைக்கப் பார்த்தவள் என்று காதுபடப் பேசுகிறார்கள். கொட்டகையில் இருந்த பத்துப் பேருக்கும் உண்மை தெரியும். வேலை போய்விடும் என்று அவர்களும் பேசவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், என் மௌனத்தால்.

போன வாரம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். நாலு மாதம் கழித்து. புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. நான் ஏதோ மன்னிப்பு, பாவம் என்று இழுத்தேன். "எங்கிட்ட இன்னாத்துக்குண்ணா சொல்ற? எனக்குத் தெரியாததா? யாருக்குத் தெரியணுமோ அங்க சொல்லு" என்றாள். அவ்வளவுதான். உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஏன் அன்றைக்குப் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் வீட்டில் ஒரு தப்பு நடந்தால், அது யாருடையது என்று தெரிந்துகொண்டே வேறு ஒருத்தரைப் பார்த்துக் கேட்காதே. மாப்பிள்ளையும் அப்படிக் கேட்டால் விடாதே. உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வேலைக்காரப் பெண்ணோ, எதிர் வீட்டுக்காரியோ, அவர்களுக்கு எழுந்து பேச ஆள் இருக்காது. ஆள் இருக்காது என்று தெரிந்துதான் நாம் அவர்கள் பக்கம் திரும்புகிறோம். நான் உன் அம்மாவிடம்கூட உண்மையை முந்தாநாள்தான் சொன்னேன். அவள் ஒரு வேளை சாப்பிடவில்லை. பிறகு, எப்படியாவது கல்யாணம் நடந்துவிடட்டும் என்று மட்டும் சொன்னாள்.

நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். உன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒட்டியது நான், தடுத்தது காசியம்மா, ரிப்போர்ட்டில் இருப்பது பொய் என்று. உனக்குத் தெரியும் என்று அதில் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவள் நீ. அது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாப்பிள்ளையும் அதே கம்பெனி. தையில் தாலி, மாசியில் ரெண்டு பேருக்கும் டென்மார்க் ஆபீஸ். எல்லாமே ஆட்டம் காணும். இதை நினைத்து மூன்று தடவை கிழித்து, நாலாவது தடவை எழுதியது அது. உனக்குக் கெடுதல் செய்கிற அப்பனாக இருக்க எனக்கு மட்டும் ஆசையா?

இதுவரைக்கும் எழுதியதையும் கம்பெனிக் கடிதத்தையும் இன்று காலையில் கொட்டகையில் பத்துப் பேர் முன்னால் வாசித்தேன். காசியம்மாவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வருவாள் என்று நினைக்கவில்லை, வந்தாள். அவள் மிஷின் இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது, அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்க்கிற தைரியம் இல்லாமல் தாளைப் பார்த்தே முழுசும் படித்து முடித்தேன். பிறகு அவள்தான் சொன்னாள்: "கல்யாணம் முடியட்டும்ண்ணா. பொண்ணு கழுத்துல தாலி ஏறிடட்டும். அப்புறமா அனுப்பு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன் சங்கீதா, எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததனால்தான், மத்தியானப் போளூர் பஸ்ஸில் ரெண்டையும் இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பா,
ஜவ்வாது மலை.